நான்கு நிமிடப் படம்

பிப்ரவரி 3, திங்கள்

பதிப்பகத்து ஜெசிந்தா மேடம் சென்னையிலிருந்து போன் செய்தார். புத்தகம் உறுதியாகிவிட்டது. மகள் தர்ஷினி பிறந்ததிலிருந்து நான் வரைந்து வைத்த படங்களில் இருபத்து நான்கை எடுத்திருக்கிறார்கள். துணிக்குள் சுருண்டு கிடக்கும் குழந்தையில் தொடங்கி, ஸ்கூல் பையை வயிற்றுப் பக்கம் மாட்டிக்கொண்டு நிற்கும் நாலரை வயதுப் பெண்ணில் முடியும். கதை கிடையாது. ஒவ்வொரு படத்துக்கும் எதிரே நான் எழுதும் நாலு வரிக் குறிப்பு மட்டும். மார்ச் கடைசியில் வெளியீடு.

சந்தோஷமாக இருக்க வேண்டும். போனை வைத்துவிட்டு, மாவில் உப்புப் போட்டேனா இல்லையா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

அட்டைக்கு அந்தக் கட்டில் படம்தான் என்று மேடம் முடிவே செய்துவிட்டார். ஏழு மாதக் குழந்தை குப்புறக் கிடந்து, கட்டில் விளிம்புக்கு வெளியே கையை நீட்டுகிறது. எதைப் பார்த்து நீட்டுகிறது என்பது படத்தில் இல்லை. இரண்டு வருடம் முன்பு இணையத்தில் போட்டபோது பல்லாயிரம் பேர் பகிர்ந்தார்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள்: பூனை, பொம்மை, ஜன்னல் வெயில். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் மேடம் என்னைத் தேடி வந்தார்.

மூலையில் நான் எழுதியிருக்கும் நேரம்கூட அவருக்குப் பிடித்திருக்கிறது. கும்பகோணத்தில் ஓவியம் படித்தபோது வந்த பழக்கம் அது. ஆளை உட்காரவைத்து வரையும் மாடல் வகுப்பில் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம் மூன்றையும் படத்தின் அடியில் எழுதாவிட்டால் சார் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார். இன்றுவரை கை தானாக எழுதிவிடுகிறது. இந்தப் படத்தில் 11.10 – 11.14. கடைசி நாலின் கால் மட்டும் நீளமாகக் கீழே இழுபட்டுப் போயிருக்கும். "அந்தக் கோடு எவ்வளவு அழகா ஓடுது இந்து" என்றார் மேடம்.

மாவில் உப்புப் போட்டிருந்தேன். இரண்டாவது தடவையும் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

மகா சிவராத்திரி இருபத்தாறாம் தேதி. அருப்புக்கோட்டை தாண்டிக் குலதெய்வம் கோவிலுக்குப் போய்த் தர்ஷிக்கு மொட்டை போட்டுவிடலாம் என்றார் இவர். இனிமேலும் தள்ளக்கூடாதாம்.

அது இவர் வேண்டிக்கொண்ட முடி. ஏழு மாதத்தில் தர்ஷி கட்டிலிலிருந்து விழுந்து, தலையில் மூன்று தையலோடு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அப்போது வராந்தாவில் நின்று, பிள்ளை நல்லபடியாக வீட்டுக்கு வந்தால் முடி உனக்கு என்று சொல்லியிருக்கிறார். அதனால் இதுவரை அவள் தலையில் கத்தரிக்கோல் பட்டதில்லை. முதல் இரண்டு வருடம் கொரோனா. அடுத்து பங்காளி வீட்டில் சாவு, ஒரு வருடம் கோவில் கிடையாது. போன வருடம் நான்தான் பரீட்சை என்று சொல்லித் தடுத்தேன். எல்.கே.ஜி.யில் என்ன பரீட்சை என்று கேட்டார்.

இந்தத் தடவை புத்தக வெளியீட்டைச் சொன்னேன். விழாவில் பிள்ளையைப் போட்டோ எடுப்பார்கள், முடி இருந்தால் நன்றாக இருக்கும் என்றேன்.

"மொட்டத் தலையோட வந்தா புக்கு விக்காதாக்கும்?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அவள் விழுந்தது நான் பால் பொங்குகிறதென்று அடுப்படிக்குப் போன நேரத்தில். அதை இவர் என்னைவிட நன்றாகச் சொல்வார். இவர் அன்று ரயில்வே பணிமனையில் வேலையில் இருந்தார். ஆனால் சொல்லும்போது பாலின் தீய்ந்த வாசனைகூட வரும்.

பிப்ரவரி 7, வெள்ளி

காலையில் பள்ளி வேன் ஏழு நிமிடம் தாமதம். பள்ளிக்கு இரண்டு தடவை போன் செய்தேன். இரண்டாவது தடவை எடுத்த பெண், "மேடம், உங்க பொண்ணு கிளாஸ்ல உக்காந்து பென்சில கடிச்சிக்கிட்டு இருக்கா, போதுமா?" என்றாள். போதும் என்றேன். மூன்றாவது தடவை செய்யவில்லை.

துவைத்தேன். மோட்டார் போடுவதில் கீழ்வீட்டோடு தகராறு. பென்சில் சீவியதோடு சரி.

பிப்ரவரி 10, திங்கள்

இருபத்து மூன்று குறிப்புகள் முடிந்தன. படம் 9: பல் முளைக்கிற காலத்தில் எவர்சில்வர் டம்ளரைத்தான் கடிப்பாள், வேறு எதுவும் ஆகாது. படம் 15: மழைத் தண்ணீரில் தன் முகத்தை மிதித்துவிட்டு, அந்தப் பாப்பாவிடம் சாரி சொன்னாள். எழுதும்போது எல்லாம் நினைவுக்கு வருகிறது. நடந்தபோது நான் எங்கே இருந்தேன் என்பதுதான் வரவில்லை. எல்லாவற்றையும் படத்திலிருந்துதான் எடுத்து எழுதுகிறேன்.

அட்டைப் படத்துக்கு மட்டும் குறிப்பு வரவில்லை. எழுதிப் பார்த்தது: "ஜன்னலில் வெயில் விழுந்த ஒரு காலை." அந்த அறையில் காலையில் வெயிலே விழாது.

பிப்ரவரி 11, செவ்வாய்

தர்ஷிக்குச் சளி. ஆவி பிடிக்க வைத்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

தலை வாரும்போது, மொட்டை போட்டால் வலிக்குமா என்று கேட்டாள். வலிக்காது, குளிரும் என்றேன். முடி திரும்பி வருமா என்றாள். வரும். அதே முடியா, வேற முடியா? வேற. அப்போ அந்த முடி எங்கே போகும்? சாமிக்கு. சாமிக்கு முடி இல்லையா?

வகிடு எடுத்தேன். வகிட்டை நான் எப்போதும் வலப்பக்கம்தான் எடுப்பேன். இடது காதுக்கு மேலே, கொஞ்சம் பின்னால் தள்ளி, முடி எந்தப் பக்கம் வாரினாலும் ஒரு கோடு விலகி நிற்கும். அங்கே சீப்பை அழுத்த மாட்டேன். இந்த நாலு வருடத்தில் அவளை முன்னாலிருந்தும் வலப்பக்கத்திலிருந்தும் மட்டும்தான் வரைந்திருக்கிறேன். இன்று எல்லாப் படங்களையும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

பிப்ரவரி 15, சனி

அட்டையின் மாதிரி வந்தது. பின்னணி வெளிர் மஞ்சள். பெரிதாக்கியதில் அந்தக் கை இன்னும் நீண்டுவிட்டது. மூலையில் 19.2.21, அதன் கீழே நேரம், இழுபட்ட நாலின் கால். மேடத்துக்கு எழுதினேன்: எல்லாம் நன்றாக இருக்கிறது, தேதியையும் நேரத்தையும் மட்டும் எடுத்துவிடலாமா? உடனே பதில் வந்தது. "அதுதான்மா இது நிஜக் குழந்தைன்னு சொல்லுது. அதை எடுத்தா வெறும் படம்."

சரி என்று போட்டுவிட்டேன். பிறகு பாத்ரூமைக் கழுவினேன். சுத்தமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

சாயங்காலம் இவர் வந்ததும் தர்ஷி மடிக்கணினியைத் திறந்து அட்டையைக் காட்டினாள். நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு இப்போது எண்கள்தான் எல்லாம். பஸ்ஸில், சுவரில், தோசை மாவுப் பாக்கெட்டில் எங்கே எண் இருந்தாலும் படிக்க வேண்டும். அப்பா மடியில் உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தாள். ஒன் நைன். டூ. டூ ஒன். கீழே, ஒன் ஒன், ஒன் ஜீரோ. ஒன் ஒன், ஒன் ஃபோர்.

"இன்னொரு தடவ படி" என்றார் இவர். படித்தாள்.

சப்பாத்தி கல்லில் கருகியது. திருப்பிப் போட்டேன்.

"இது அன்னிக்கு வரைஞ்சதா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

ஆமாம் என்றேன்.

பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரிச் சீட்டுகளை இவர் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் வரிசையாக வைத்திருப்பார், ரயில்வே பழக்கம். அந்தச் சீட்டில் வந்த நேரம் 11.40 என்று இருக்கும். எனக்கு மனப்பாடம். வீட்டிலிருந்து ஆட்டோவில் இருபது நிமிடம், 11.20க்கே கிளம்பியிருக்க வேண்டும்.

சாப்பிட வந்து உட்கார்ந்தார். மூன்று சப்பாத்தி சாப்பிட்டார். குருமாவில் காரம் போதும் என்றார்.

பிப்ரவரி 19, புதன்

தலைவலி என்று இவர் வேலைக்குப் போகவில்லை. தர்ஷியை வேனில் விடவில்லை, வண்டியில் கொண்டுபோய் விட்டு, மதியம் அவரே போய்க் கூட்டி வந்தார். குளிக்க வைத்ததும் அவர்தான். இருவரும் தூங்கிவிட்டார்கள். அவள் சுவரோரம், நடுவில் இவர், இந்தப் பக்கம் என் பாய். கட்டிலை நான்கு வருடம் முன்பே விற்றுவிட்டோம்.

எழுதிவிடுகிறேன்.

பால் இல்லை. அடுப்பே பற்ற வைக்கவில்லை. நான் கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து அவளை வரைந்துகொண்டிருந்தேன். அந்த மாதங்களில் எதுவும் எனக்கு உறைக்கவில்லை. அழுகிறாள் என்று தெரியும், தூக்க வேண்டும் என்று தெரியும், தூக்கினேன். யாரோ கொடுத்துவிட்டுப் போன பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற மாதிரி. வரையும்போது மட்டும் அவள் என் பிள்ளையாக இருந்தாள். பென்சிலை வைத்ததும் மறுபடி யாரோ.

அன்று அவள் குப்புறக் கவிழ்ந்து நகர ஆரம்பித்தாள். விளிம்புக்கு வருகிறாள் என்று பார்த்தேன். பார்த்தேன் என்றால், விளிம்புக்கும் அவள் தோளுக்கும் உள்ள தூரத்தை அளந்து தாளில் போட்டேன். தோள் வெளியே வந்தது. அதையும் போட்டேன். என்னைப் பார்த்துத்தான் கையை நீட்டினாள். எங்களுக்கு நடுவில் ஒரு கை தூரம். நான் எட்டியிருந்தால் போதும். எழுந்திருக்கக்கூட வேண்டாம். விழுந்துவிடுவாள் என்று தெரியும். தெரிந்தது தலைக்குள் எங்கேயோ இருந்தது, கைக்கு வரவில்லை. கை வரைந்துகொண்டிருந்தது. நன்றாக வந்துகொண்டிருந்தது.

நேரம் எழுதக் குனிந்தேன். நாலு போடும்போது சத்தம் கேட்டது. கட்டிலோரம் தரையில் இருந்த என் பெயிண்ட் பெட்டியின் மூலை.

அப்புறம்தான் தூக்கினேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

இவர் இன்னும் லீவில்தான் இருக்கிறார். சாதாரணமாகப் பேசுகிறார். கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தாயா, கோவிலுக்கு மாலை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், இப்படி. தர்ஷியை நான் தூக்கப் போனால் அதற்கு முன் அவர் தூக்கிவிடுகிறார். கோபமாக இல்லை. அவசரமாக.

மேடத்துக்கு போன் செய்து, அட்டையிலிருந்து மட்டுமல்ல, அந்தப் படத்தையே புத்தகத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன். ஏன் என்றார். அது பிள்ளை கட்டிலிலிருந்து விழுந்த நாள், விழுவதற்குச் சற்று முன்பு வரைந்தது என்றேன். பிறகு மேடம் மெதுவாக, "இந்து, இதையே குறிப்பா எழுதேன்மா. படிக்கிறவங்க அழுதுருவாங்க" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. புத்தகம் செய்கிறவர். படம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அதை நம்பித்தான் மேலே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், புத்தகம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும், அப்போதும் வரும் என்று சொல்ல முடியாது என்றார்.

பரவாயில்லை மேடம் என்றேன். அழுகை வரும் என்று கொஞ்சம் காத்திருந்தேன். வரவில்லை. கறிவேப்பிலை ஆய்ந்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

தர்ஷிக்கு மஞ்சள் பாவாடை எடுத்து வைத்தேன். இஸ்திரிக்குக் கொடுத்ததை வாங்க வேண்டும்.

பிப்ரவரி 27, வியாழன்

நேற்று கோவில். இன்று மதியம்தான் திருச்சி வந்து சேர்ந்தோம்.

கூட்டம் சொல்லி முடியாது. பொங்கல் வைக்கிற புகையில் யாருக்கும் யார் முகமும் தெரியவில்லை. இவருடைய அக்கா செல்வி மதினி விருதுநகரிலிருந்து வந்திருந்தார். முடி இறக்கும் கொட்டகையில் ஆறேழு பேர் வரிசையாக உட்கார்ந்து வழித்துக்கொண்டிருந்தார்கள். தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பது. என் தம்பி மஸ்கட்டில் இருக்கிறான். காது குத்தும்போது வந்துவிட்டான், இது வேண்டுதல் முடி, பெற்றவர் மடியே போதும் என்றார் மதினி. இவர் உட்காரப் போனார். தர்ஷி அம்மா மடிதான் வேண்டும் என்று காலை உதறினாள். இவர் என்னைப் பார்த்தார். நகர்ந்து இடம் விட்டார். ஆனால் என் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார்.

தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னார் முடி இறக்குகிறவர். பிடித்துக்கொண்டேன். தண்ணீர் தெளித்து, நெற்றியிலிருந்து ஆரம்பித்தார். நாலரை வருட முடி என் மடியில் விழுந்தது. இடது காதுக்கு மேலே வந்ததும் கத்தியை நிறுத்தி, இங்கே ஒரு தழும்பு இருக்கிறது, ஆட்டாமல் பிடிங்க என்றார்.

நான்கு வருடத்துக்குப் பிறகு பார்த்தேன். சுண்டுவிரல் நகத்தளவு. வெள்ளையாக.

மதினி முடி இறக்குகிறவருக்குக் கதை சொல்ல ஆரம்பித்தார். பச்சைப் பிள்ளையில் விழுந்தது, பாவம், அடுப்பில் பால் பொங்கியிருக்கிறது, ஒத்தைப் பொம்பளை அங்கே ஓடுவாளா இங்கே ஓடுவாளா என்று. இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் இந்த இடத்தில் அவரும் சேர்ந்துகொள்வார்.

"பால் பொங்கல மதினி" என்றேன்.

"என்னது?"

"அடுப்பே பத்த வைக்கல. நான் இவ பக்கத்துலதான் இருந்தேன்."

மதினி என் தோளைத் தொட்டார். "தூங்கிட்டியாக்கும்? அதுக்கென்ன புள்ள, ராவெல்லாம் முழிச்ச உடம்பு. கண்ணு சொருகத்தான செய்யும்."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மதினி அன்போடு எடுத்துக் கொடுத்தது. பாலைவிட நல்ல கதை.

"தூங்கல மதினி. பாத்துக்கிட்டே இருந்தேன். படம் வரைஞ்சுக்கிட்டு இருந்தேன்."

மதினியின் கை என் தோளிலேயே இருந்தது, அழுத்தம் மட்டும் போய்விட்டது. முடி இறக்குகிறவர் கத்தியைத் துடைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தார். தர்ஷி, "ம்மா, கழுத்து அரிக்குது" என்றாள். சொறிந்துவிட்டேன். அவர் மீதியை வழித்தார். சந்தனம் பூசினார்கள். எல்லோரும் பொங்கல் சாப்பிட்டோம். மதினி என் இலையில் இன்னொரு கரண்டி வைத்தார், என் முகத்தைப் பார்க்காமல்.

மார்ச் 2, ஞாயிறு

காலையில் தர்ஷி மொட்டைத் தலையோடு கீழ்வீட்டுப் பிள்ளைகளிடம் விளையாடப் போனாள். இவர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாளையோடு லீவு முடிகிறது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பாமலே கேட்டார். "ஒன்னப் பாத்துத்தான கைய நீட்டுனா?"

"ஆமா."

அழுதாளா என்றார். இல்லை, சிரித்தாள் என்றேன்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு சட்டை மடித்து முடித்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் வந்து எதிரே உட்கார்ந்து, அப்போது ஏன் சொல்லவில்லை என்றார். என்ன சொல்வது, என் பிள்ளை எனக்கு உறைக்கவில்லை என்றா என்றேன். நானும் பார்க்கவில்லையே, தினம் வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேனே என்றார். அதை எனக்குச் சொன்ன மாதிரி இல்லை.

பிறகு கேட்டார். "இப்பவும் அப்பிடி இருக்கா?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"சில நாள்" என்றேன்.

தலையை ஆட்டினார். ஒரு சட்டையை எடுத்து அவரும் மடித்தார், தப்பாக. டாக்டர் ஒருவரைப் பார்ப்போம், சனிக்கிழமை போகலாம் என்றார். மதினியைக் கூப்பிட்டுக்கொள்ளவா என்றும் கேட்டார். உங்கள் இஷ்டம் என்றேன். யோசித்துவிட்டு, வேண்டாம் என்றார்.

"எந்த நாள்னு எங்கிட்ட சொல்லு. நான் லீவு போட்டுக்கிறேன்."

மார்ச் 3, திங்கள்

வேலைக்குப் போனார். தர்ஷி பள்ளி விட்டு வந்தபின் மூன்று தடவை போன் செய்தார். மூன்று தடவையும் தர்ஷியிடம் பேசினார். வைப்பதற்கு முன் என்னிடமும்.

மார்ச் 6, வியாழன்

நேற்றிலிருந்து தர்ஷிக்குக் காய்ச்சல், பள்ளி இல்லை. இரவெல்லாம் முனகினாள். காலையில் அடுப்பின் முன் நின்று, கஞ்சி கொதிப்பதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. அவள் கூப்பிட்டிருக்கிறாள். நாலாவது தடவைதான் கேட்டது. அதற்கு முந்தைய மூன்றும் கேட்டதாக அப்புறம் நினைவு வந்தது.

இவர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, வாசலில் குனிந்து ஷூ மாட்டினார். மாட்டிவிட்டு நிமிர்ந்து, திங்கள் கேட்ட மாதிரி, செவ்வாய் கேட்ட மாதிரி, நேற்றுக் கேட்ட மாதிரி, "இன்னிக்கு?" என்றார்.

மூன்று நாளும் போயிட்டு வாங்க என்று சொல்லியிருந்தேன். அதே வார்த்தைதான் நாக்கில் இருந்தது.

"இன்னிக்குப் போகாதீங்க" என்றேன்.

குனிந்து ஷூவைக் கழற்றினார்.